சிறு துளையும் பெரிய சிகிச்சையும்

"வயிற்றைக் கீறாமலே பித்தப்பையை எடுத்துவிட்டார்களாம்!" என்று நம் வீடுகளில் வியந்து பேசக் கேட்கிறோம். வியப்பு நியாயமே. ஆயினும் அதன் நன்மையோடு எல்லையையும் அறிந்திருத்தல் நன்று.

1882 ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்பவர் வயிற்றைத் திறந்து முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். நூறாண்டுக்கு மேலாக அதுவே வழியாயிருந்தது. 1985 இல் ஜேர்மனியின் போப்ளிங்கன் நகரில் எரிக் மியூ என்னும் வைத்தியர் சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி அதனைச் செய்துகாட்டினார். முதலில் ஏற்க மறுத்த ஜேர்மன் சத்திரசிகிச்சைச் சங்கமே 1992 இல் அவருக்குப் பரிசளித்தது.

இம்முறையில் காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பச்செய்து, கமெராவின் துணையுடன் சிகிச்சை செய்கின்றனர். நோவு குறைவு, காயத்தில் சீழ்பிடிப்பதும் குறைவு, பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர்.

எனினும், துளை சிறிதென்பதால் சிகிச்சையும் சிறிதென எண்ணலாகாது. இம்முறை பரவிய 1990 களில் பித்தக்கான் காயப்படுதல் அதிகரித்தது. ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்கு நேர்ந்தது, நால்வர் ஐவருக்கு நேர்ந்ததெனக் கணித்தனர். ஆதலால், உட்புறம் தெளிவாகத் தெரியாதவிடத்து வைத்தியர் வயிற்றைத் திறப்பாராயின், அதைத் தோல்வியென்று குறைகூறுதல் தகாது. நோயாளியைக் காக்கவே அவ்வாறு செய்கிறார். இதனை உறவினர் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

வீடு திரும்பியபின் காய்ச்சலோ, கண் மஞ்சளாதலோ, வயிற்றுநோவு மிகுதலோ காணப்பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. வெளித்தழும்பின் அளவைக் கொண்டு உள்நலத்தை அளத்தல் இயலாது.