“போட்டோ மாதிரியே கிடக்கு!”

ஓவியர் இளையராஜாவின் படம் ஒன்றைப் பார்த்தவுடன் எங்கட சனத்துக்கு வாற முதல் வசனம் இதுதான். நான் சொல்வது இசையமைப்பாளரை அல்ல. 1979இல் கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்து, 2021 ஜூனில் கொரோனாவால் இறந்துபோன மனுசனை.

இது பாராட்டு எண்டு நினைச்சுத்தான் சொல்லுகினம். இல்லை. அப்படியெண்டால் போட்டோவே போதுமே, பிறகேன் கீறுவான்?

அவர் போட்டோவை வைத்துத்தான் கீறினார், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ரிச்சர்ட் எஸ்டெஸ்கூடப் பல போட்டோக்களைச் சேர்த்துத்தான் ஒரு தெருவைக் கீறுவார். ஆனால் இருட்டுக் குசினி ஒன்றைக் கமராவால் எடுத்துப் பாருங்கோ. யன்னல் வெளிச்சம் வெள்ளையாய் எரிந்துபோகும், இல்லாட்டி மூலையில் கிடக்கிற பானை கறுப்புக்குள்ளே காணாமல் போகும். இளையராஜாவின் படத்தில் யன்னலோரத்து முகமும் தெரியும், பின்னால் புகைபிடித்த சுவரும் தெரியும். எது எவ்வளவு தெரியவேணும் எண்டு முடிவெடுத்தது கமரா இல்லை.

அந்த முகத்தின் நிறமும் அப்பிடித்தான். எங்கட கலியாண அல்பங்களில் பொம்பிளையை ரெண்டு படி வெளுக்கப்பண்ணாத ஸ்டூடியோ எத்தனை? முகம் வெளுக்கக் கிறீம் விற்கிற காலத்தில், ‘திராவிடப் பெண்கள்’ எண்டு ஒரு வரிசையே கீறி, கறுத்தத் தோலில் வெளிச்சம் எப்படி விழுந்து நிற்குது எண்டு எண்ணெய் வர்ணத்தில் காட்டினவர் அவர். உண்மையைச் சொன்னால், போட்டோ மாதிரி இல்லாததுதான் அதிலுள்ள விசேசம்.

வறுமையை வடிவாக்கிப்போட்டார் எண்டொரு குற்றச்சாட்டும் இருக்கு. அதில் பாதி நியாயம். அடுப்புப் புகையில் கண் எரிந்து, வேர்த்து வழியிற பொம்பிளையை அவரிடம் தேடித்தான் பிடிக்கவேணும். எனக்கும் அது உறுத்தும். ஆனால் அந்தச் சண்டையைப் பிடிக்கவாவது படத்தை உற்றுப் பார்த்திருக்கவேணும். “போட்டோ மாதிரி” எண்டுபோட்டுக் கடந்துபோறவர் அதுவும் செய்யேல்ல.

வட்ஸ்அப் குழுக்கள் இன்னும் மோசம். கையொப்பத்தை வெட்டி, மேலே ரோசாப்பூவும் ‘காலை வணக்கமும்’ ஒட்டி அனுப்புகினம். கீறினவர் ஆரெண்டு கேட்டால் “தெரியாது, வடிவாயிருந்தது, போட்டன்.” வடிவாயிருந்தால் பேரையும் சேர்த்துப் போடுங்கோவன்: எஸ். இளையராஜா.