விளம்பரம் வந்தால் மட்டும் டிவி ஏன் கத்துகிறது? அதை எப்படி அளப்பது?

ராத்திரி 11 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நீங்கள் மட்டும் ஓடிடியில் ஒரு த்ரில்லர் பார்க்கிறீர்கள். கதாபாத்திரங்கள் கிசுகிசுவென்று பேசுவதால் வால்யூமை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். திடீரென்று ஒரு சோப்புத்தூள் விளம்பரம். ரிமோட் எங்கே என்று தேடுவதற்குள் பக்கத்து அறையில் குழந்தை எழுந்து அழ ஆரம்பித்துவிடும்.

இது உங்கள் வீட்டுப் பிரச்னை மட்டும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2025 அக்டோபரில் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஸ்ட்ரீமிங் தளங்களில் வரும் விளம்பரம், நிகழ்ச்சியை விடச் சத்தமாக ஒலிக்கக் கூடாது; 2026 ஜூலை 1 முதல் அமல். மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் தாமஸ் அம்பர்க் அதற்குத் தூண்டுதலாகச் சொன்னதும் ஒரு கைக்குழந்தையைத்தான். அவருடைய அலுவலக ஊழியரின் குழந்தை.

நம் ஊரில்? டிவிக்கு விதி இருக்கு. 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளில் 7(6), விளம்பரத்தின் ஒலி 'அளவுக்கு மீறிச் சத்தமாக' இருக்கக் கூடாது என்கிறது. எந்த அளவுக்கு மீறி? அந்த உட்பிரிவில் எண் எதுவும் இல்லை. தெருவில் கேட்கும் சத்தத்துக்கு இப்படி இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதையும் ஏதோ ஒரு நொடியில் பார்த்துச் சொல்வதில்லை, நேரச் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். தெருவுக்கு எண் கொடுத்தவர்கள் ஹாலுக்கு ஒரு பெயரடையோடு நிறுத்திவிட்டார்கள்.

எண் ஏன் அவ்வளவு முக்கியம்? பழைய முறையில் ஒலியின் உச்சத்தை மட்டும்தான் கவனித்தார்கள். ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கும் உயரத் தடையை நினைத்துப் பாருங்கள். கொடிக்கம்பம் ஒன்றை நட்டுக்கொண்டு வரும் ஆட்டோவும், அதே உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய லாரியும் அதற்கு ஒன்றுதான். த்ரில்லரில் ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம் உச்சத்தைத் தொடும், மீதி நேரமெல்லாம் அமைதி. விளம்பரமோ கம்ப்ரஷன் என்ற உத்தியால் மெல்லிய ஒலிகளையும் தூக்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் உச்சத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். உச்சம் இரண்டுக்கும் ஒன்றே. காதுக்கு மட்டும் ஒன்றாக இருக்காது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு, 2006இல் பி.எஸ்.1770 என்ற அளவீட்டு முறையை வெளியிட்டது. முதலில் ஒலியை நம் காது மாதிரி வடிகட்டுவார்கள்: அடித்தொண்டை பேஸுக்கு மதிப்பு குறைவு, கூர்மையான ஒலிகளுக்குக் கொஞ்சம் கூடுதல். பிறகு அதன் ஆற்றலைச் சராசரி எடுப்பார்கள். கிடைக்கும் எண்ணின் அலகு எல்யுஎஃப்எஸ். டிஜிட்டல் ஒலியின் கூரை 0 என்பதால் எல்லா எண்களும் மைனஸில் வரும். 0க்கு அருகே போகப் போகச் சத்தம் அதிகம். பாட்டு கேட்கும் ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கு -14. ஐரோப்பிய ஒளிபரப்புக்கு -23. நெட்ஃப்ளிக்ஸ் தயாரிப்பாளர்களிடம் கேட்பது, வசனத்தை அடிப்படையாக வைத்து, -27.

எவ்வளவு நேரத்துக்குச் சராசரி என்பதில்தான் விஷயமே இருக்கு. சத்தம் நொடிக்கு நொடி மாறுவதால் கருவி மூன்று விதமாகப் பார்க்கிறது. 0.4 நொடி ஜன்னல், அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று காட்டும். 3 நொடி ஜன்னல், ஏறக்குறைய ஒரு வாக்கியத்தின் சத்தம். மூன்றாவது, முழு நிகழ்ச்சிக்கும் ஒரே எண். அதில் நிசப்தத்தைச் சேர்க்க மாட்டார்கள். பொதுச் சராசரியை விட 10 அலகுக்கு மேல் தாழ்ந்த பகுதிகளும் கழிந்துவிடும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு நிமிடம் மௌனத்தை வைத்து, மீதி நேரம் கத்திவிட்டுப் போகலாமே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 நிமிடம் -27இல் ஓடும் தொடர். நடுவே வலைக்காக -14இல் மிக்ஸ் செய்த ஒரு நிமிட விளம்பரம். வித்தியாசம் 13 டெசிபல். 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தம் என்பார்கள், ஆக இது அதற்கும் மேல். ஆனால் மொத்த 21 நிமிடத்துக்கும் ஆற்றல் சராசரி எடுத்தால் வருவது -24.2. அமெரிக்க டிவியின் வழக்கமான இலக்கே -24தான்! உங்களை சோஃபாவிலிருந்து எழுப்பிய அந்த நிமிடம், முழுநேரச் சராசரியில் சத்தமில்லாமல் கரைந்துவிடும்.

அதனால்தான் உருப்படியான விதிகள் விளம்பரத்தைத் தனியே அளக்கச் சொல்கின்றன. ஐரோப்பாவில் குறும்விளம்பரங்களுக்கு -23 மட்டும் போதாது. எந்த 3 நொடியும் -18ஐத் தாண்டக் கூடாது என்ற கூடுதல் வரம்பும் உண்டு. பத்து நொடி விளம்பரத்தில் எட்டு நொடி கிசுகிசுத்து இரண்டு நொடி அலறும் தந்திரத்துக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் 2010இல் நிறைவேறிய கால்ம் சட்டம் 2012 டிசம்பர் முதல் டிவிக்கு அமலில் இருக்கு. ஆனால் கண்காணிப்பு பெரும்பாலும் பார்வையாளர் புகாரை நம்பித்தான். 2024இல் மட்டும் எஃப்சிசி அமைப்புக்கு ஏறத்தாழ 1,700 புகார்கள் வந்தன. எண் இருந்தும் இந்த நிலைமை. எண்ணே இல்லாத விதியின் கீழ் நீங்கள் புகார் கொடுத்தால், 'அளவுக்கு மீறவில்லை' என்று சேனல் சொல்வதை எதை வைத்து மறுப்பீர்கள்?

ஓடிடிக்கு அந்தப் பெயரடைகூட கிடையாது. கேபிள் விதிகள் அங்கே செல்லாது. 2021 ஐடி விதிகள் ஓடிடிக்கு வயது வகைப்பாடு பற்றிப் பேசுகின்றனவே தவிர, ஒலி அளவுக்குப் போகவில்லை. விளம்பரத்தோடு வரும் மலிவான சந்தாவை இந்தியாவில் இவ்வளவு பேர் எடுக்கும் நேரத்தில் இது சின்ன விடுபடல் இல்லை என்பது என் கருத்து. புதிதாகக் கருவி எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விளம்பரத்தைத் தனியே அளக்க வேண்டும், முன்னால் ஓடிய நிகழ்ச்சியோடு எத்தனை அலகு வித்தியாசம் வரலாம் என்று எழுத வேண்டும், 3 நொடி உச்சவரம்பு ஒன்று வைக்க வேண்டும்.

அதுவரை உங்கள் டிவியின் சவுண்ட் செட்டிங்கில் 'ஆட்டோ வால்யூம்' அல்லது 'நைட் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை அது குறைக்கும். படத்தின் பின்னணி இசை கொஞ்சம் தட்டையாகும், பரவாயில்லை. நீங்களே அளந்து பார்க்க ஆசையா? எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் 'ஈபியுஆர்128' என்ற ஃபில்டர் இருக்கு. டிவிக்கு முன்னால் போனை வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்து அதில் ஓட்டுங்கள். போன் மைக் என்பதால் எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். 0.1 நொடிக்கு ஒரு வரியாக எண்கள் ஓடும். அதில் 'எஸ்' என்று இருப்பதுதான் 3 நொடி ஜன்னல். விளம்பரம் தொடங்கும் வரியில் அது எத்தனை அலகு தாவுகிறது என்று பாருங்கள்.