வாசல் இல்லாத களஞ்சியம்

களஞ்சியம் நிறைய நெல்லைக் கொட்டிவிட்டு வாசலை அடைத்துவிட்டால் அந்த நெல் யாருக்குப் பயன்படும்? கணிப்பொறி யுகத்தில் நாம் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு எங்கள் துறை அலமாரியைத் தூய்மை செய்தபோது நான்கு காந்த நாடாப் பேழைகள் கிடைத்தன. முன்னாள் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று திரட்டிய நாட்டுப்பாடல்கள் அவற்றில் இருப்பதாக மேலட்டை கூறியது. நாடாவைப் படிக்கும் கருவிகள் இரண்டும் உடன் இருந்தன. ஆனால் அவற்றை இணைக்க எங்கள் புதிய கணிப்பொறிகளில் இடமே இல்லை!

இத்தொல்லை புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் மிட்சுமி, சோனி, பானசோனிக் நிறுவனங்களின் ஒளித்தட்டுக் கருவிகள் தத்தமக்கெனத் தனி இணைப்பு முறையுடன் வந்தன. சில ஒலி அட்டைகளில் மூவகை இணைப்பையும் வைத்து விற்க வேண்டியதாயிற்று.

1986இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட 'ஸ்கஸி' பலவகைக் கருவிகளுக்கும் பொதுமொழி தந்தது. ஆனால் விலை அதிகம். வன்தட்டுக்கென வகுத்த 'ஏ.டி.ஏ.' மலிவானது, ஆனால் ஒளித்தட்டையும் நாடாவையும் நடத்த அதற்குத் தெரியாது. இவ்விரண்டுக்கும் மணமுடித்து வைத்ததே 'அட்டாப்பி'. ஸ்கஸி வகைக் கட்டளைகளைச் சிறு பொட்டலமாகக் கட்டி ஏ.டி.ஏ. கம்பி வழியே அனுப்பும் எளிய உத்தி அது. 1998இல் அது ஏ.டி.ஏ. தரத்துடனேயே இணைக்கப்பட்டது.

எங்கள் கருவிகளுள் ஒன்று இந்த இனத்தது. கழித்துப் போட்ட பழைய கணிப்பொறி ஒன்றில் அதைப் பொருத்தினோம். மூன்று பேழைகள் பாடின! நான்காவது பேழைக்குரிய கருவியோ அதைச் செய்தவர் மட்டுமே அறிந்த தனி அட்டையைக் கேட்டது. அந்த அட்டை எங்கும் கிடைக்கவில்லை. அதிலுள்ள பாடல்கள் இன்றும் ஊமையாகவே இருக்கின்றன.

பொதுத்தரம் வளர்ச்சிக்குத் தடை என்பார் சிலர். நான் உடன்படேன். 2003இல் 'சீரியல் ஏ.டி.ஏ.' வந்தபோது நாற்பது ஊசி இணைப்பு ஏழு தொடுமுனைகளாகச் சுருங்கிற்று. ஒளித்தட்டுக் கருவிகள் பேசிய பொட்டலக் கட்டளை மொழியோ மாறவில்லை. வாசல் மாறலாம், மொழி பொதுவாக இருந்தால் வழி பிறக்கும் அன்றோ!

எனவே நண்பர்களே, கருவி வாங்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் கேளாதீர்கள். அதன் இணைப்பு உலகறிந்த தரமா என்றும் கேளுங்கள். பழைய வாசல் அடைபடுமுன் செல்வத்தைப் புதிய களஞ்சியத்திற்கு மாற்றுங்கள். நான்காவது பேழையில் பாடிய பாட்டிமார் எத்தனை பேர் இன்று உயிருடன் இருப்பார்களோ, யாரறிவார்!