ரிம்மில் ஏறிவிட்டால் பொருந்திவிட்டதா?

"ரிம்மு அகலமா இருந்தா வண்டி தரையப் புடிச்சி நிக்கும் அண்ணாச்சி. டயரு இருக்கதே போதும், அதையே மாட்டுங்க." நெல்லைப் பக்கம் பத்தமடை தொடங்கி பாபநாசம் வரை டயர் கடைகளில் இந்தப் பேச்சு இப்போது சாதாரணமாகிவிட்டது. சொல்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். கார் மேல் அவர்களுக்கு இருக்கும் பிரியத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்குள் இருக்கும் இரண்டு நம்பிக்கைகளைத்தான் கண்டிக்கிறேன். ரிம் அகலமானால் சாலைப் பிடிப்பு கூடும் என்பது ஒன்று. டயர் ரிம்மில் ஏறி, காற்றும் நின்றுவிட்டால் அது பொருந்திவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் பொய். இரண்டாவது பொய் ஆளைக் கொல்லக்கூடியது.

இதற்குப் பின்னால் அலங்கார ஆசை மட்டும் இல்லை, பணக் கணக்கும் இருக்கிறது. 15 அங்குல விட்டமும் 7 அல்லது 8 அங்குல அகலமும் உள்ள 'டீப் டிஷ்' அலாய் செட், சென்னை புதுப்பேட்டைப் பக்கம் கைமாறிய சரக்காகக் கிடைக்கிறது. அதற்குத் தக்க அகல டயர் நான்கு வாங்குவதென்றால் பெரிய செலவு. வாங்கிப் போட்டாலும் மட்கார்டில் உரசும். வண்டியோடு வந்த டயரிலோ, தரையைத் தொடும் பட்டன் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. அதையே இழுத்து மாட்டிவிட்டால் காசு மிச்சம், உரசலும் கிடையாது, பார்க்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். மெஷினில் ஏற்றினால் பேலன்ஸிங் சரி என்றே காட்டும். பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

டயரின் பக்கத்தில் 185/65 ஆர் 15 என்று எழுதியிருந்தால், அதன் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். ரிம்மின் அகலம் அதில் இருக்காது. அந்த விவரம் தயாரிப்பாளர்களின் அட்டவணையில் இருக்கிறது. இந்தியாவில் ஐடிடிஏசி, ஐரோப்பாவில் ஈடிஆர்டிஓ என்ற தர அமைப்புகள் ஒவ்வொரு டயர் அளவுக்கும் எத்தனை அங்குல ரிம் முதல் எத்தனை அங்குல ரிம் வரை மாட்டலாம் என்று வகுத்து வெளியிடுகின்றன. 185/65 ஆர் 15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் வரும் 165/80 ஆர் 14 டயருக்கு 4 முதல் 5.5 அங்குலம். இப்போது 8 அங்குல ரிம்மை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே 203 மில்லிமீட்டர். டயரின் பருத்த இடமே 185 மில்லிமீட்டர்தான். தரையைத் தொடும் பகுதி அதைவிடவும் குறுகியது. டயரின் வயிற்றைவிட ரிம்மின் வாய் அகலமாக இருக்கிறது. நம் பக்கத்து ஆசாரிமார் மாட்டுவண்டிச் சக்கரத்தை அளந்து, அந்த அளவுக்கே இரும்புப் பட்டா வெட்டி, நெருப்பில் காய்ச்சி ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்கினார்கள். அந்த இறுக்கம் அளவுக்குள் வந்தது. இங்கே நடப்பது அளவை மீறிய இழுவை.

இழுத்தால் என்ன கெடும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து முழுவதும் அங்கேதான் இருக்கிறது. டயரின் உள்விளிம்பில், ரப்பருக்குள் ஓர் எஃகுக் கம்பி வளையம் உண்டு. அதுதான் பீட். ரிம்மைக் கவ்விப் பிடிப்பது அதன் வேலை. சரியான ரிம்மில், பக்கச்சுவர் பீட்டிலிருந்து வெளிப்பக்கமாகப் புடைத்து எழுந்து, பிறகு வளைந்து பட்டன் பகுதியைச் சேரும். அப்போது பக்கச்சுவரின் இழுவிசை பீட்டை ரிம் விளிம்போடு சேர்த்துப் பிடிக்கும். உள்ளே இருக்கும் காற்றும் அதே பக்கம்தான் தள்ளும். அளவுக்கு மீறிய அகல ரிம்மில் இந்தக் கூட்டணி உடைந்துவிடுகிறது. பக்கச்சுவர் பீட்டிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்தபடியே மேலேறுகிறது. அதன் இழுவிசை பீட்டை விளிம்பிலிருந்து பிரித்து, ரிம்மின் நடுப்பள்ளத்தை நோக்கி இழுக்கிறது. காற்று ஒரு பக்கம் தள்ள, டயரே மறுபக்கம் இழுக்கிறது. வண்டி நிற்கும்போது காற்றுதான் ஜெயிக்கும். கடைக்காரர் பார்ப்பதும் நிற்கிற வண்டியைத்தான்.

வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பாகத்தைச் சாலை வண்டிக்கு உள்பக்கமாகத் தள்ளுகிறது. ஏற்கெனவே உள்ளே இழுபட்டுக்கொண்டிருக்கும் வெளிப்பக்க பீட்டுக்கு இது இன்னோர் இழுப்பு. அந்த நேரம் காற்றும் குறைவாக இருந்தால் பீட் ரிம்மை விட்டு நழுவலாம். நழுவினால் மெதுவாக இறங்கும் பஞ்சர் இல்லை, ஒரே நொடியில் காற்று முழுவதும் போய்விடும். நல்ல நிலையில் இருக்கும் டயரிலேயே மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை காற்று தானாகக் குறையும். சாதாரண டயரில் காற்று குறைந்தால் பக்கம் பிதுங்கி நிற்பதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். இழுத்து மாட்டிய டயரில் பிதுங்குவதற்குச் சதையே இல்லை. 20 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தாலும் கட்டுக்கோப்பாகவே தெரியும். எச்சரிக்கை தர வேண்டிய உறுப்பையே இழுத்து மறைத்துவிட்டோம்.

இதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது எந்தச் சாலையில்? சேரன்மகாதேவியிலிருந்து வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சிக்கு வருகிறவருக்கு நன்றாகத் தெரியும். எதிரே பஸ் வந்தால் இடப்பக்கச் சக்கரம் இரண்டையும் தாரை விட்டு இறக்கித்தான் வழிவிட வேண்டும். பஸ் போனதும் உடைந்த தார் விளிம்பில் மறுபடி ஏற்ற வேண்டும். சரியான டயராக இருந்தால் புடைத்த பக்கச்சுவர்தான் முதலில் அந்த விளிம்பைத் தொடும், அடியை வாங்கிக்கொள்ளும். இழுத்த டயரில் ரிம்மின் உலோக விளிம்பு டயரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் அடி அலாய்க்கு. அலாய் எஃகைப் போல நெளிந்து தாங்காது, கீறல் விடும். கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலோரச் சாலைகளில் பிசான அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி ஓரம் சிதைந்திருக்கும். வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை இருட்டில் தெரியாது. மழைக்காலம் வந்தால் பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டச் சாலைகள் பட்ட பாட்டை நாம் எல்லாருமே பார்த்தோம். இந்தச் சாலைகளைச் சமாளிக்கத் தேவையானது கொஞ்சம் உயரமான, அமுங்கி நிமிரும் பக்கச்சுவர். அதைத்தான் இவர்கள் விறைப்பாக இழுத்துக் கட்டி, வேலை செய்யவிடாமல் ஆக்குகிறார்கள்.

அதிலும் நம் ஊர் கார் தனியாகப் போகிற கார் கிடையாது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போனாலும் கல்யாணத்துக்கு நெல்லை போனாலும் ஐந்து பேருக்கான வண்டியில் ஏழு பேர் இருப்பார்கள், டிக்கியில் சாமான் இருக்கும். டயரில் 88 என்று ஓர் எண் இருந்தால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். அந்த வாக்குறுதி, உரிய காற்றோடு அட்டவணையில் உள்ள ரிம்மில் மாட்டிய டயருக்கு மட்டும்தான். 8 அங்குல ரிம்மில் அதே டயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு எந்தத் தயாரிப்பாளரும் பொறுப்பேற்கமாட்டார்.

சாலைப் பிடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். சாலையைத் தொடுவது ரிம் இல்லை, ரப்பர். 1,300 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் சராசரியாக 325 கிலோ இருக்கும். 32 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 145 சதுர சென்டிமீட்டர். ரிம்மை 8 அங்குலமாக்கினாலும் இந்தப் பரப்பு வளரப்போவதில்லை. மாறுவதெல்லாம் பட்டனின் ஓரங்களில் பாரம் ஏறி அங்கே சீக்கிரம் தேய்வது. இதோடு அகல ரிம்மின் கூடுதல் எடையையும், சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் வீல் பேரிங் படும் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அட்டவணைக்குள் இருக்கும் வரை, அரை அங்குலம் அகலமான ரிம் பக்கச்சுவரை உறுதியாகப் பிடிக்கும், ஸ்டீயரிங் சுறுசுறுப்பாகும். இது உண்மை. பந்தயப் பாதையில் ஓட்டுகிறவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காற்று பார்க்க அங்கே ஆள் உண்டு, பள்ளமும் கிடையாது. குறுகிய டயர் தண்ணீரை நன்றாகக் கிழித்துப் போகும், மைலேஜ் தரும் என்பார்கள். அதுவும் சரி. ஆனால் அந்த நன்மை முழுவதும் குறுகிய டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினாலே கிடைத்துவிடும். கம்பெனி கொடுத்த ரிம்மில் அது இருந்தது, கழற்றி விற்றுவிட்டோம். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கண்காட்சி வண்டிகளுக்காக வளர்ந்த பாணியை, மணிமுத்தாறு சாலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடும் வண்டிக்கு ஏற்றுவதுதான் தவறு.

மாட்டும்போதே ஓர் ஆபத்து இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ரிம் அகலத்துக்கு டயர் எட்டாதபோது காற்று நிற்காது. பீட்டை உட்கார வைக்க, டயருக்குள் தீப்பற்றும் ஸ்ப்ரேயை அடித்துக் கொளுத்துகிறார்கள். உலகம் முழுவதும் வீடியோக்களில் பரவியிருக்கும் வித்தை இது. டயருக்குள் நடப்பது ஒரு வெடிப்பு. அந்த நொடியில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதை எந்த மீட்டரும் காட்டாது. பக்கத்தில் குனிந்து நிற்பது அந்தக் கடையில் தினக்கூலிக்கு வேலை பார்க்கும் பையன். இவ்வளவு செய்தால்தான் ஏறும் என்பதே அந்த டயர் அந்த ரிம்முக்கு உரியது இல்லை என்பதற்குச் சாட்சி.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ரிம் அகலம் இதற்குள் எந்த அளவுக்கு வரும் என்று வக்கீல்கள் வாதாடட்டும். விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்க இது போதும்.

டயர் கடை நடத்தும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பழக்கத்தை நிறுத்த முடிகிறவர்கள் நீங்கள்தான். ரிம்மின் உள்பக்கத்தில் 7ஜே, 8ஜே என்று அகலம் அச்சாகியிருக்கும். டயரின் அளவை அட்டவணையில் பாருங்கள். எல்லைக்கு வெளியே இருந்தால், "தம்பி, இது ஏறும், ஆனா நான் ஏத்தமாட்டேன்" என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். பக்கத்துக் கடை செய்து கொடுக்கிறது என்பதற்காக நீங்களும் செய்யாதீர்கள். அகல ரிம் வாங்கிவிட்ட தம்பிமாருக்கும் ஒன்று சொல்கிறேன். அதற்குரிய டயரை வண்டியில் உரசாமல் போட முடிந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ரிம்மை விற்றுவிட்டுப் பழைய ரிம்மையே மாட்டுங்கள். அதுவரை அந்த வண்டியில் வீட்டு ஆட்களை ஏற்றாதீர்கள்.