திறக்க மறுக்கும் கோப்புகள்

இலக்கியக் கூட்டங்களை ஒளிப்பதிவு செய்யும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றிவிட்டது. நூல் வெளியீட்டு உரை, மூத்த எழுத்தாளரின் நேர்காணல், ஊர்த்திடலில் விடிய விடிய நிகழ்ந்த கூத்து என எதையும் நாம் விட்டுவைப்பதில்லை. அப்பதிவை வீட்டுக் கணினியில் ஏற்றி, இருமலையும் ஒலிபெருக்கிச் சோதனையையும் வெட்டி நீக்க முற்படும்போதுதான், 'இவ்வகைக் கோப்புக்கு ஆதரவில்லை' என்ற ஒற்றை வரி குறுக்கே நிற்கிறது. உடனே நமக்குக் கணினி தெரியவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். இத்தாழ்வுணர்ச்சிக்கு எந்த அடிப்படையும் இல்லை. அந்தச் சுவரை எழுப்பியது நம் அறியாமையன்று, வணிகப் போட்டி.

கோப்பின் பெயருக்குப் பின்னே ஒட்டிநிற்கும் ஏவிஐ, எம்ஓவி, எம்பி4 ஆகியவை உறையின் பெயர்கள் மட்டுமே. உறைக்குள் படமும் ஒலியும் எம்முறையில் சுருக்கப்பட்டுள்ளன என்பதை அவை முழுமையாகச் சொல்வதில்லை. அச்சுருக்க முறைக்கே கோடெக் என்று பெயர். எம்பி4 எனப் பெயர்கொண்ட இரு கோப்புகளுள் ஒன்று திறப்பதும், மற்றொன்று ஒலி மட்டும் கேட்கக் கறுப்புத் திரையாக நிற்பதும் இதனால்தான். பின்னொட்டை மாற்றி எழுதிப் பார்ப்பது, உறைமேல் முகவரியை மாற்றினால் உள்ளிருக்கும் கடிதத்தின் மொழி மாறிவிடும் என்று நம்புவதற்கு ஒப்பாகும்.

இத்தனை மொழிகள் ஏன்? ஆப்பிள் 1991இல் குவிக்டைமைக் கொணர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 1992இல் ஏவிஐயைக் கொணர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த மூவி மேக்கர், எம்ஓவி கோப்பை ஏற்கவில்லை. தன் வேலையைப் பெரும்பாலும் டபிள்யூஎம்வி வடிவத்தில் சேமித்தது. 2017இல் அந்த மென்பொருளே விலக்கிக்கொள்ளப்பட்டது. விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016இல் கைவிட்டது. 2019இல் வந்த மேக் இயங்குதளம் பழைய கோடெக்குகள் பலவற்றுக்கு விடைகொடுத்தது. 2013இல் தரப்படுத்தப்பட்ட ஹெச்இவிசியை ஐபோன்கள் 2017 முதல் பயன்படுத்துகின்றன. அதன் காப்புரிமைகளோ ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகளிடம் சிதறிக் கிடக்கின்றன. விண்டோஸ் 10இல் அதைத் திறக்கும் நீட்சிக்கு மைக்ரோசாஃப்ட் தனி விலை வைத்தது. நம் கைபேசியில் நாம் எடுத்த படத்தை நம் கணினியில் பார்ப்பதற்கு நாமே கட்டணம் செலுத்த வேண்டும் என்பது எவ்வகை நியாயம்?

தமிழ் வாசகருக்கு இது புதிய துன்பமன்று. ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியேற்றம் வைத்திருந்த காலத்தை நாம் கடந்து வந்திருக்கிறோம். டிஸ்கியில் எழுதியது டாப் எழுத்துருவில் குப்பையாகத் தெரிந்தது. அன்று நாம் வாசகரைப் பழிக்கவில்லை. பொதுத் தரம் வேண்டும் என்று வாதிட்டோம். ஒருங்குறி வந்தது, மதுரைத் திட்டத்தின் நூல்கள் அதற்கு மாறின. எழுத்துக்காகச் சண்டையிட்ட நாம், குரலும் முகமும் அடங்கிய காணொளிக்கு மட்டும் 'அது தொழில்நுட்பம்' என்று ஒதுங்கி நிற்கிறோம்.

'யூடியூபில் ஏற்றிவிட்டால் போதாதா?' என்பார் உண்டு. போதாது. ஏற்றிய கோப்பை அத்தளம் மீண்டும் சுருக்குகிறது. பின்னாளில் நாம் இறக்கிக்கொள்வது மூலமன்று. 'கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்' என்பார்க்கும் அதுவே விடை. தரம் இழக்கும் முறையில் சுருக்கும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் படம் சிறிது தேயும். மாற்றிய படியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பவர்கள், பிரதியெடுத்த கையோடு சுவடியை எரித்தவர்களாவர்.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். விஎல்சியில் திறந்து, உள்ளிருக்கும் கோடெக் எது என்று பார்க்க வேண்டும். உறை மட்டுமே தடையென்றால், கட்டணமின்றிக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியைக் கொண்டு, தரம் குறையாமல் உறையை மாற்றிவிடலாம். கோடெக்கே தடையென்றால், ஹேண்ட்பிரேக்கில் ஹெச்.264 படியொன்று எடுத்து அதில் படத்தொகுப்புச் செய்யலாம். அதுவும் காப்புரிமைகளோடு பிறந்ததுதான். எனினும் ஏறத்தாழ எல்லா மென்பொருளும் அதனை ஏற்கும். கைபேசிப் பதிவுகளில் நொடிக்கான படச்சட்டங்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவதால் உதடும் ஒலியும் பிரிந்துவிடுவதுண்டு. மாற்றும்போதே அதை நிலையாக்கிவிட வேண்டும். மென்பொருளின் 'புராஜெக்ட்' கோப்பைப் பாதுகாத்து நிறைவடைவதும் வீண். பெரும்பாலும் அதில் இருப்பவை எங்கே வெட்டினோம் என்ற குறிப்புகளே. காணொளி அதில் இராது. நெடுங்காலச் சேமிப்புக்கு, எவர் அனுமதியும் வேண்டாத திறந்த தரங்கள் உள்ளன: எஃப்எஃப்வி1 கோடெக்கின் விவரணம் 2021இலும், மட்ரோஸ்கா உறையின் விவரணம் 2024இலும் பொதுவில் வெளியிடப்பட்டன.

கரையான் தின்ற ஏடுகளுக்காக நாம் இன்றும் வருந்துகிறோம். கோப்பு கரையானால் அழிவதில்லை. முழுமையாக இருந்தபடியே படிக்கமுடியாமல் போகிறது. ஆகவே கூட்டம் நடத்தும் ஒவ்வோர் இலக்கிய அமைப்பும் பதிவை எவ்வடிவில், எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். அழைப்பிதழ் அச்சிடச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு இதற்குப் போதும். அதையும் செய்யாத அமைப்புகளுக்கு, வருங்காலத்துக்காகப் பதிவு செய்கிறோம் என்று மேடையில் அறிவிக்கும் உரிமை இல்லை.