எந்த இடத்தில் பிரேக் போடுவது? ரயில் ஓட்டுநருக்கு அது எப்படித் தெரிகிறது?

2023 மே மாதம் கேரளத்தில் ஒரு சம்பவம். திருவனந்தபுரத்தில் இருந்து ஷொர்ணூர் செல்லும் வேணாடு எக்ஸ்பிரஸ், மாவேலிக்கரைக்கும் செங்கன்னூருக்கும் நடுவே உள்ள செறியநாட்டில் நிற்க வேண்டும். நிற்காமல் தாண்டிப் போய்விட்டது. பிறகு சுமார் 700 மீட்டர் பின்னோக்கி வந்து, பயணிகளை ஏற்றி இறக்கிவிட்டுக் கிளம்பியது.

'ஸ்டேஷன் வர்றதுகூடவா டிரைவருக்குத் தெரியாது?' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், செறியநாடு ஒரு சிறிய நிறுத்தம், அங்கே சிக்னல் கிடையாது என்பதை ரயில்வே அதிகாரிகள் அப்போது சுட்டிக்காட்டினார்கள். ரயிலை எங்கே, எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கான பாதி பதில் அதில் இருக்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு முன்பே முடிவு

சாலையில் பஸ் ஓட்டுபவர் நிறுத்தத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக்கை மிதித்தால் போதும். ரயிலில் அது நடக்காது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. குறைந்த சக்தியில் அத்தனை பெட்டிகளை இழுக்க முடிவது அதனால்தான். நிறுத்தும்போது அதே விஷயம் எதிராக வேலை செய்கிறது.

ஒரு எளிய கணக்கு. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில், ஒரு நொடிக்கு சுமார் 30 மீட்டர் கடக்கிறது. பயணிகளுக்குக் குலுக்கல் இல்லாமல், நொடிக்கு 1.8 கி.மீ. வீதம் வேகத்தைக் குறைத்தால், நிற்க ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் ரயில் 930 மீட்டர் ஓடியிருக்கும். அதே ரயில் 55 கி.மீ. வேகத்தில் வந்தால் 230 மீட்டர் போதும். வேகம் இரண்டு மடங்கானால், நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. ஆக, நடைமேடை கண்ணில் படுவதற்கு முன்பே பிரேக் போட்டாக வேண்டும்.

காற்றைக் குறைத்தால் பிரேக்

நம் ரயில்களில் இருப்பது ஏர் பிரேக். எஞ்சினில் இருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய் ஓடுகிறது. அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிற்கும்வரை பிரேக் விலகியே இருக்கும். லோகோ பைலட் அழுத்தத்தைக் குறைத்தால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்கும். நடுவழியில் பெட்டி கழன்றாலும் குழாய் அறுந்து, காற்று வெளியேறி, வண்டி தானாக நிற்கும். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களில் கொண்டுவந்த இந்த ஏற்பாடுதான் இன்றும் அடிப்படை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றழுத்தம் குறையும் செய்தி கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். பிரேக்கை விடுவித்த பிறகு குழாய் மறுபடி நிரம்பவும் நேரம் வேண்டும். 'போட்டுப் பார்ப்போம், ஜாஸ்தியாச்சுன்னா விட்டுக்கலாம்' என்று அடிக்கடி போட்டு விட்டுக்கொண்டிருந்தால், காற்று குறைந்து பிரேக்கின் பலமே போய்விடும். அனுபவசாலிகள் சரியான இடத்தில், சரியான அளவில் ஒருமுறை போட்டு, பிறகு சிறிது சிறிதாகச் சரிசெய்துகொண்டே வருவார்கள்.

சிக்னல் சொல்வதும் சொல்லாததும்

அப்படியானால் சிக்னலைப் பார்த்து நிறுத்திவிடலாமே? ஓரளவுக்குத்தான் முடியும்.

பச்சை என்றால் தாராளமாகப் போகலாம். இரட்டை மஞ்சள் என்றால் கவனம், அடுத்த சிக்னலை வேகத்தைக் குறைத்துக் கடக்கத் தயாராக வேண்டும். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் நிற்க வேண்டும். வேகமான பாதைகளில், நிலையத்துக்கு முன்பாக உள்ள ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒன்று என எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னல்கள் இருக்கும். பக்கத்து லூப் லைனுக்குத் திரும்ப வேண்டுமானால், ஹோம் சிக்னலின் மேல் வெள்ளை விளக்குகள் வரிசையாக எரியும். பெரும்பாலும் அங்கே 30 கி.மீ. அல்லது 15 கி.மீ. வேகத்துக்குள் நுழைய வேண்டும்.

ஆனால் முன்னால் தண்டவாளம் காலியாக இருக்கிறதா என்பதை மட்டுமே சிக்னல் சொல்கிறது. 'இங்கே பயணிகள் காத்திருக்கிறார்கள், நில்' என்று அது சொல்லாது. ஸ்டேஷனைத் தாண்டிய பாதையும் காலியாக இருந்தால், நிற்க வேண்டிய ரயிலுக்கும் வழிநெடுகப் பச்சையே எரியலாம். செறியநாடு போன்ற நிறுத்தங்களில் சிக்னலே இல்லை. அங்கே நிற்க வேண்டும் என்பது கால அட்டவணையிலும் ஓட்டுநரின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது.

சிக்னல் சொன்னபடியே ஓட்டினாலும் தண்டவாளம் வேறு பக்கம் இழுத்துப்போகும் அபாயமும் உண்டு. 2024 அக்டோபர் 11 அன்று திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில், மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல் கிடைத்த பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனுக்குள் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. லூப் லைனுக்குத் திரும்பப்போகிறோம் என்று தெரியாத ஓட்டுநருக்கு வேகத்தை 30-க்குக் குறைக்கக் காரணமே இல்லை.

பாதையை மனப்பாடம் செய்வது

மிச்சமுள்ள பாதி பதில், பாதையைப் படிப்பது. புதிய வழித்தடத்தில் ஒருவரைத் தனியாக ஓட்ட விடமாட்டார்கள். முதலில் அந்தப் பாதை தெரிந்தவரோடு பகலிலும் இரவிலும் பயணம் செய்து, சிக்னல்கள், ஏற்ற இறக்கங்கள், வளைவுகள், நிறுத்தங்கள் எல்லாவற்றையும் பழக வேண்டும். பல மாதங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால், மறுபடியும் பழக வேண்டும்.

இதனால் ஒவ்வொருவருக்கும் மனதில் சில அடையாளங்கள் இருக்கும். ஒரு பாலம், ஒரு லெவல் கிராசிங், கிலோமீட்டர் கல், மின்கம்பத்தின் எண் என ஏதோ ஒன்று. 'இந்தப் பாலம் தாண்டினதும் பிரேக்' என்பது பழகிப் பழகி வருவது. மழை பெய்தாலோ, பாதை இறக்கத்தில் இருந்தாலோ அந்த இடம் இன்னும் முன்னால் தள்ளிப்போகும். பாதையில் வேலை நடந்தால், எங்கே எவ்வளவு வேகம் என்று எழுதிய காஷன் ஆர்டர் கையில் தரப்படும். ஒவ்வொரு சிக்னலையும் லோகோ பைலட்டும் உதவியாளரும் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்துகொள்வார்கள்.

ரயிலுக்கு ரயில் பிரேக்கின் 'பிடிப்பு' மாறும். எனவே கிளம்பியதும் முதல் வாய்ப்பிலேயே லேசாகப் பிரேக் போட்டு, இன்றைய வண்டி எப்படிக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். நடைமேடைக்குள் வந்த பிறகு, பெட்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எஞ்சின் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் பலகைகள் உண்டு. சென்னை புறநகர் மின்ரயில்களில் இது தினசரிப் பழக்கம்.

கவச் வந்தால் போதுமா?

மெட்ரோவில் இந்த வேலையைப் பெரும்பாலும் கணினியே செய்துவிடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லாத ரயில்களே தயாராகின்றன. ஆனால் அது ஒரே மாதிரி ரயில்கள் ஓடும் தனிப்பாதை. எக்ஸ்பிரஸ், பாசஞ்சர், சரக்கு ரயில் எல்லாம் கலந்து ஓடும் பாதையில் அது எளிதல்ல.

அங்கே ரயில்வே நம்பியிருப்பது கவச் தொழில்நுட்பத்தை. தண்டவாளத்தில் பதித்த ஆர்.எஃப்.ஐ.டி. அட்டைகள், ரேடியோ, எஞ்சினில் உள்ள கணினி ஆகியவை சேர்ந்து, இந்த இடத்தில் இந்த வேகம் பாதுகாப்பானதா என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் சிவப்பைக் கவனிக்காமல் போனால், எச்சரித்துவிட்டுத் தானே பிரேக் போடும். 2020-ல் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்டது. இதன் 4.0 பதிப்பு 2025 ஜூலையில் டெல்லி–மும்பை பாதையின் மதுரா–கோட்டா பகுதியில் செயல்பாட்டுக்கு வந்தது. நாட்டின் 68,000 கி.மீ.க்கும் அதிகமான பாதையில், கவச் இருப்பது இன்னும் சிறு பகுதியில்தான்.

மோதலைத் தடுப்பதே கவச்சின் வேலை. பச்சை சிக்னலில் ஒரு சிறிய நிறுத்தத்தை ஓட்டுநர் மறந்து கடந்தால், அதில் மோதல் அபாயம் எதுவும் இல்லை. எந்தப் பாலத்தருகே பிரேக்கைத் தொட வேண்டும் என்பது ஓட்டுநரின் மூளையில்தான் இருக்கும்.

தூங்காத கண்களின் கேள்வி

அந்த மூளைக்கு ஓய்வு கிடைக்கிறதா என்பதுதான் லோகோ பைலட்டுகளின் சண்டை. 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் வார ஓய்வு கேட்டுப் போராடினார்கள். 16 மணி நேர தினசரி ஓய்வும் 30 மணி நேர வார ஓய்வும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் பணி கூடாது என்பவை அவர்களின் கோரிக்கைகளில் முக்கியமானவை. பணி நேரம் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஓய்வறைகளும் எஞ்சின் கேபின்களும் ஏ.சி. ஆக்கப்படுகின்றன என்று ரயில்வே நிர்வாகம் பதில் சொல்கிறது.

இதைச் சம்பளத் தகராறு போலப் பார்த்துக் கடந்துவிட முடியாது. 110 கி.மீ. வேகத்தில் பத்து நொடி கண் அசந்தால், ரயில் 300 மீட்டர் போய்விடும். கணக்குப்படி பிரேக் போட வேண்டிய இடம் அதற்குள் பின்னால் போயிருக்கும். சிறிய நிறுத்தமானால் பின்னோக்கி வந்து ஏற்றிக்கொள்ளலாம். முன்னால் இன்னொரு ரயில் நின்றிருந்தால், பின்னோக்கி வர வாய்ப்பு கிடைக்காது.