எதிரியை முதல்ல தேர்ந்தெடுங்க

சோழர் வேண்டாம். இந்த ஒரு வரிக்காகவே ஹாஸ்டல்ல எனக்கு அடி விழலாம். பரவாயில்லை, முழுசா படிச்சுட்டு அடிங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு அறிமுகம். மேசை மேல் வயல், ஆறு, கோட்டை எல்லாம் அமைத்து, விரல்கணு உயரத்துக்குச் சிப்பாய் பொம்மைகளை நிறுத்தி, அளவுகோலும் பகடையும் வைத்துக்கொண்டு பழைய போர்களை ஆடிப் பார்க்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது. பிரஷ்யா ராணுவம் 1824-லேயே தன் அதிகாரிகளுக்கு இதைப் பயிற்சியாகக் கொடுத்தது. எச்.ஜி.வெல்ஸ், அந்த அறிவியல் புனைகதை வெல்ஸ்தான், 1913-ல் இதை வீட்டில் ஆடுவதற்கென்றே விதிப்புத்தகம் எழுதினார். ஒரே ஒரு சண்டையோடு முடித்துவிடாமல், வரைபடத்தில் படைகளை நகர்த்தி, வாரக்கணக்கில் தொடர்ந்து ஆடினால் அதற்குப் பெயர் கேம்பெயின். இந்த செமஸ்டர் நம்ம பசங்க சிலர் இதை ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறார்கள். அங்கே எழும் முதல் கேள்வி: எந்த இரண்டு படை?

தஞ்சாவூர்ல இந்தக் கேள்வியைக் கேட்டா பதில் ஒரு செகண்டில் வரும். ராஜராஜன், இல்லன்னா ராஜேந்திரன். சரி, எதிரில் யார் என்று கேட்டுப் பாருங்க. "யாராவது ஒருத்தன்டா, பாண்டியன் சாளுக்கியன்னு யாரையாவது வைச்சுக்கலாம்." பிரச்சினையே இந்த "யாராவது ஒருத்தன்"தான். மூன்று மாதம் ராத்திரி ராத்திரி மேசையின் அந்தப் பக்கம் உட்காரப் போவது உங்க ரூம்மேட். அவனுக்கு ஜெயிக்க ஒரு காரணம் வேண்டும், வழியும் வேண்டும். வெறுமனே அடி வாங்குவதற்காக ஒருத்தன் எத்தனை நாள் உட்காருவான்? மூன்றாவது வாரம் "அசைன்மென்ட் இருக்கு மச்சி" என்று எழுந்து போயிடுவான்.

அதனால என் கருத்து இதுதான்: பிடித்த படையை முதலில் எடுக்காதீங்க, எதிரியை முதலில் எடுங்க. எடுக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. ஒன்று, நாளைக்கே இடம் மாறி அந்தப் பக்கம் உட்காரச் சொன்னால் மனசார உட்காருவீங்களா? இரண்டு, இரண்டு பக்கத்துக்கும் ஏதாவது ஒன்று பற்றாக்குறையா இருக்கா? எல்லாம் நிறைந்த படைக்கு யோசிக்க வேண்டிய அவசியமே வராது. மூன்று, என்ன நடந்தது என்று நாள்வாரியாகத் தெரியுமா?

டெல்டாவில் நடந்த போர்களையே இந்தக் கேள்விகளில் வைத்துப் பார்ப்போம்.

திருப்புறம்பியம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், 880 வாக்கில் நடந்தது. பாண்டியன் வரகுணன் ஒரு பக்கம். பல்லவன் அபராஜிதன், கங்க மன்னன் பிருதிவிபதி, ஆதித்த சோழன் இன்னொரு பக்கம். பாண்டியன் தோற்றான், பிருதிவிபதி செத்துப்போனான், அதன் பிறகு சோழர் எழுச்சி. 'பொன்னியின் செல்வன்' படித்த எல்லோருக்கும் அந்தப் பள்ளிப்படை ஞாபகம் இருக்கும். ஆனால் எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து தாக்கினார்கள் என்று கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. ஒரு சாயங்காலம் ஆட அருமையான போர். டி.பி.ஏ. விதிப்படி ஆளுக்கு 12 பேஸ் இருந்தால் போதும். ஆனால் கேம்பெயின் என்று வந்தால் முக்கால்வாசி நாமே கதை கட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது கேள்வியில் அவுட்.

1782 பிப்ரவரி. கொள்ளிடக் கரையில் கர்னல் பிரெய்த்வெயிட் தலைமையில் சுமார் 2,000 பேர் கொண்ட கம்பெனிப் படையை, அதைப்போல் பல மடங்கு பெரிய படையோடு திப்பு சுல்தான் வளைத்துப் பிடித்தார். ஆதாரம் நிறைய இருக்கிறது. ஆனால் பிரெய்த்வெயிட்டாக ஆடுபவனுக்கு இருக்கும் ஒரே கேள்வி "எத்தனை மணி நேரம் தாங்குவேன்?" முதல் கேள்வியில் அவுட்.

இப்போ என் தேர்வு. 1758, பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும் தஞ்சை மன்னர் பிரதாப சிங்குக்கும் நடந்த போர்.

பள்ளியில் 1757 பிளாசி என்று தேதியோடு மனப்பாடம் செய்தோம் இல்லையா? அதற்கு அடுத்த வருஷம், அதே உலகப் போட்டியின் ஒரு துண்டு நம்ம ஊர் கோட்டைச் சுவரில் வந்து மோதியது. கடலூர் பக்கம் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை ஜூன் 2-ல் பிடித்த லாலிக்கு அடுத்த குறி சென்னை. அதற்குக் கையில் காசு இல்லை. முன்பு 1749-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் தஞ்சையை முற்றுகையிட்டபோது பிரதாப சிங் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் ஒன்று இருந்தது. பாக்கி 56 லட்சம் ரூபாய். அதை வசூல் பண்ணக் கிளம்பினார் லாலி. சிம்பிளா சொன்னா, பீரங்கியோடு வந்த ரெக்கவரி ஏஜென்ட்.

ஜூன் கடைசியில் படை காரைக்கால் வந்து சேர்ந்தது. சுமை இழுக்க மாடு போதவில்லை, வண்டி போதவில்லை, சோறு போதவில்லை. புதுச்சேரியில் சாதி பார்க்காமல் ஆட்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தது ஏற்கெனவே பெரிய கசப்பாகியிருந்தது. வழியில் நாகூரைக் கொள்ளையடித்தார்கள். கீழ்வேளூர் கோயிலில் புதையல் இருக்கும் என்று தோண்டினார்கள். பிராமணர்கள் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சை வந்து சேர்ந்த பிறகு பேரம் ஆரம்பித்தது. இவ்வளவு தர்றேன், அவ்வளவு முடியாது, நாளைக்குச் சொல்றேன் என்று மன்னர் இழுத்துக்கொண்டே போனார். 1749-லும் இதே வித்தையைத்தான் செய்திருந்தார். இதற்கிடையில் திருச்சியில் இருந்த ஆங்கிலேயர்கள் அவருக்குச் சிப்பாய்களை அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் பீரங்கிகள் முழங்கின. சுவரில் உடைப்பும் விழுந்தது. ஆனால் உள்ளே பாய்வதற்குப் போதுமான வெடிமருந்து இல்லை. ஆகஸ்ட் 3-ல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் ஆங்கிலக் கப்பல்களோடு மோதிய பிரெஞ்சுக் கடற்படை புதுச்சேரிக்குப் பின்வாங்கியது. காரைக்கால் ஆபத்தில் இருக்கிறது என்ற சேதி சில நாளில் முகாமுக்கு வந்தது. லாலி முற்றுகையைக் கைவிட முடிவு செய்தார். ஆகஸ்ட் 10 விடியலில், வேலைக்குச் சேர வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்த குதிரைவீரர்கள் லாலியைக் கொல்லவே பார்த்தார்கள். கூடவே தஞ்சைப் படையும் வெளியே வந்து தாக்கியது. முகாம் தப்பியது, பயணம் தப்பவில்லை. பெரிய பீரங்கிகளை விட்டுவிட்டுப் பட்டினியோடு காரைக்காலுக்குத் திரும்பினார்கள்.

கேள்விகளை இப்போ போட்டுப் பாருங்க. லாலியிடம் நல்ல காலாட்படை இருக்கிறது, நேரமும் மருந்தும் இல்லை. பிரதாப சிங்கிடம் நேரமும் குதிரைப்படையும் இருக்கிறது. திறந்த வெளியில் ஐரோப்பியக் காலாட்படையை நேருக்கு நேர் நின்று தாங்க வழியில்லை. ஒருத்தன் அவசரப்பட வேண்டும், இன்னொருத்தன் இழுத்தடிக்க வேண்டும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். ஆதாரத்துக்கு ஆங்கிலத்தில் ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாறு இருக்கிறது. அந்தக் காலத்தின் மூச்சுக்காற்றைப் பிடிக்க ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது: 1736-லிருந்து 1761 வரை, புதுச்சேரியில் உட்கார்ந்து, பேச்சுத் தமிழில் எழுதியது.

ஒரு ஆட்சேபம் வரும், எனக்குத் தெரியும். "அரசன் மராட்டியன், எதிரி பிரெஞ்சுக்காரன், இதில் தமிழன் எங்கடா?" எல்லா இடத்திலும்தான். இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த சிப்பாய்களில், சுமை தூக்கப் பிடிக்கப்பட்டவர்களில், நாகூர்க் கடைத்தெருவில், கீழ்வேளூர்க் கோயில் வாசலில். கிரீடம் வைத்த ஒரு ஆளிடம் மட்டுமே நம்மைத் தேடுவதால்தான் நம்ம ஊரில் நடந்த போரே நமக்குத் தெரியாமல் இருக்கு.

அதனாலதான் ஒரு நிபந்தனை வைக்கிறேன். மேசையில் மூன்றாவது தரப்பும் இருக்கணும்: கிராமங்கள். காரைக்காலிலிருந்து தஞ்சை வரை சுமார் 100 கிலோமீட்டர். நடுவில் வெட்டாறு, வெண்ணாறு, ஓடம்போக்கியாறு, எண்ணமுடியாத வாய்க்கால்கள். மேட்டூர் அணை வருவதற்கு 176 வருஷம் முந்தைய ஆடி மாதம். வரைபடத்தில் இருபது கிராமம் குறிப்போம். ஒவ்வொன்றிலும் மூன்று நெல் மூட்டை வில்லை. பிரெஞ்சுப் படை ஒவ்வொரு சுற்றிலும் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் ஆள் குறையும். தஞ்சைக்காரன் முந்திக்கொண்டு போய்க் கிராமத்தைக் காலி பண்ணி எதிரியைப் பட்டினி போடலாம். ஆனால் கடைசியில் வெற்றிப் புள்ளி எண்ணும்போது, மிச்சமிருக்கும் நெல்தான் தஞ்சையின் கணக்கு. சொந்த ஊரை எரித்து ஜெயித்தவனுக்கு என்ன மார்க் போடுவது? அந்த இடத்தில் பகடை உதவாது, ஆடுபவன்தான் முடிவெடுக்கணும். அந்த அவஸ்தை இல்லாத போர் விளையாட்டு போரைப் பற்றிப் பொய் சொல்லும்.

மற்றபடி செலவுக்குப் பயப்பட வேண்டாம். 15 மில்லிமீட்டர் உயர பொம்மைகள் போதும். பிரெஞ்சுக்கு 14 பேஸ், தஞ்சைக்கு 18, அதில் பாதிக்கு மேல் குதிரை. 3டி பிரிண்டர் கிடைக்காவிட்டால் கெட்டி அட்டையில் படம் ஒட்டி வெட்டினாலும் ஆட்டம் ஓடும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 10 வரை, ஒரு சுற்றுக்கு மூன்று நாள் என்று வைத்தால் 15 சுற்று. வாரத்துக்கு ஒன்று வைத்தாலும் செமஸ்டருக்குள் முடியும். பெயின்ட் அடிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிரெஞ்சு என்றதும் எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு போட்டுவிடாதீங்க. லாலியின் சொந்த ரெஜிமென்ட் அயர்லாந்துக்காரர்களுடையது, அவங்களுக்குச் சிவப்பு.

ஆட வர்றவங்க இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் சரி. பிரதாப சிங் யாருக்கு வேணுமோ எடுத்துக்கோங்க, கிராமக் கணக்கு பார்க்க ஒரு நேர்மையான ஆள் வேண்டும். லாலியை நான் எடுத்துக்கறேன். காசு இல்லாமல், மருந்து இல்லாமல், மாடு இல்லாமல் அந்தக் கோட்டைக்குள் நுழைய முடியுமா என்று எனக்குப் பார்த்தாகணும்.